ஏழு கவ்வாணிகள்

ஷிஃபு கெண்டியை முதலில் காதால்தான் பார்த்தார். நான் துணிமுடிச்சை அவிழ்த்து உடைசல்களை மேசைமேல் வைத்ததும், பெரிய துண்டை இடது உள்ளங்கையில் நிறுத்தி, மூடியின் விளிம்பால் மூக்கருகே மெல்லத் தட்டினார். சின்ன மணி போல ஒலித்தது. பிடிப் பக்கம் திருப்பித் தட்டினார். அடைத்த ஒலி. மறுபடி மூக்கு, மறுபடி பிடி. பிறகு எழுந்துபோய் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நகத்தால் ஒரு கோட்டை எனக்குக் காட்டினார். உடைந்த விளிம்பிலிருந்து அடிப்பாகம் நோக்கி மயிரிழை அளவு விரிசல் ஒன்று ஓடியிருந்தது. ஆறு மாதமாக அந்தக் கெண்டியை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். அந்த விரிசல் என் கண்ணில் பட்டதே இல்லை.

"குடிக்கவா, வைக்கவா?" என்று கேட்டார். நான் தங்கியிருந்த விடுதியை நடத்தும் பெண்தான் கூடவே வந்து மொழிபெயர்த்தாள். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

டிங்ஷூ, சீனத்தின் ஜியாங்சு மாகாணத்தில் தைஹூ ஏரியின் மேற்குக் கரையை ஒட்டிய ஊர். யிஷிங் நகரத்தின் ஆளுகைக்குள் வருவது. ஹாங்ஜோவிலிருந்து அதிவேக ரயிலில் யிஷிங் வந்துசேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கிருந்து டிங்ஷூவுக்கு வாடகைக் கார். வழியெல்லாம் மழை. ஜூன் நடுவில் யாங்ட்சி நதியின் கீழ்ப்பகுதி முழுக்கப் பிடித்துக்கொள்ளும் இந்த மழைக்கு பிளம் மழை என்று பெயர். பிளம் பழுக்கும் பருவத்தில் வருவதால் அப்படிச் சொல்கிறார்கள். கொட்டித் தீர்க்காது, விடவும் செய்யாது. சுவரும் தலையணையும் பையிலிருந்த புத்தகமும் பிசுபிசுத்துப் போயின. இந்த ஈரத்துக்கும் என் கெண்டிக்கும் தொடர்பு வரும் என்று அப்போது தெரியாது.

கெண்டி என்கிற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். மூக்கு வைத்த நீர்ப் பாத்திரத்துக்கு நம் வீடுகளில் இருந்த பெயர் அது. அதே பெயர் மலாய் மொழியிலும் உண்டு. தென்கிழக்காசியப் பீங்கான்களை ஆராய்கிறவர்களும் அதைக் கலைச்சொல்லாக வைத்திருக்கிறார்கள். என்னுடையது எனக்கு வந்ததும் பினாங்கில்தான். எதிர்வீட்டு ஹொக்கியன் பாட்டி, தெருவே 'அ-மா' என்று கூப்பிடும் மூதாட்டி, வீட்டைக் காலி செய்துகொண்டு மகளிடம் போகும்போது என் கையில் வைத்துவிட்டுப் போனது. ஒரு கமலா ஆரஞ்சு அளவு. செங்காவி நிறம். உள்ளே பூச்சு இல்லை, வெளியே மெருகுப் பூச்சும் இல்லை. ஆனாலும் தொட்டால் பழகிய மரப் பிடியைத் தொடுவதுபோல வழுவழுப்பு. பல்லாண்டுகள் தேநீரும் கையும் பட்டு ஏறிய மெருகு அது. ஊர் மாறும்போது அதை வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். கையில் எடுத்துப் போயிருக்க வேண்டும். பெட்டியைத் திறந்தபோது பிடிப் பக்கத்தில் பிஞ்சு வெற்றிலை அளவு ஒரு சில்லு தனியாகக் கிடந்தது. மூக்கின் நுனியில் நெல்மணி அளவு காணவில்லை. அன்றிரவே, பதற்றத்தில், உடனே ஒட்டும் பசையை வைத்து ஒட்டினேன். உடைத்ததைவிடப் பெரிய தவறு அது. முதல் முறை வெந்நீர் ஊற்றியதும் பசை வெளுத்து விட்டுக்கொடுத்தது.

டிங்ஷூ மண் எதனால் ஆனது என்று தெரிந்தால்தான் பழுதுபார்ப்பதன் சிக்கல் விளங்கும். அதற்கு 'ட்ஸிஷா' என்று பெயர். ஊதா மணல் என்று பொருள். மண் என்கிறோமே தவிர, பூமிக்குள் அது கல். மஞ்சள் டிராகன் மலை என்று பொருள்படும் ஹுவாங்லோங் மலையில் பாறையாக வெட்டி எடுத்து, வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போட்டு உதிரவைத்து, அரைத்து, சலித்து, பிறகே பிசைவார்கள். ஊதா, சிவப்பு, பச்சை கலந்த மஞ்சள் எனப் பல ஜாதி. மலையில் இப்போது வெட்டத் தடை இருக்கிறது. பழைய கல்லைச் சேர்த்துவைத்திருக்கும் வீடுகள் அதைப் பத்திரமாகக் காக்கின்றன.

இந்த மண்ணைச் சக்கரத்தில் ஏற்றுவதில்லை. அப்பளம்போல் தட்டையாக அடித்து, பட்டையாக வெட்டி, வளைத்து, முனை இரண்டையும் சேர்த்து உருளை ஆக்குகிறார்கள். ஒரு கையின் விரல்கள் உள்ளே தாங்க, மறு கை மரத்தட்டியால் வெளியே தட்டத் தட்ட, உருளை மெல்லக் குறுகி வயிறும் தோளும் எழுகின்றன. ஒரு பட்டறையின் வாசலில் நின்று இதை முக்கால் மணி நேரம் பார்த்தேன். தட்டும் ஒலி கடைசிவரை சீராகவே இருந்தது. கடைசியில் மாட்டுக்கொம்பைச் சீவிச் செய்த மெல்லிய தகட்டால் மேனியை நீவுகிறார்கள். பூச்சில்லாத மண்ணில் அந்தப் பளபளப்பு வருவது அந்தக் கொம்பால்.

சூளையில் ஏறத்தாழ 1100, 1200 டிகிரி செல்சியஸில் வேகும்போது மண் சுருங்குகிறது. என் கெண்டி 'ஜூனி' என்கிற சிவப்பு வகை. அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் சுருங்கக்கூடியது. அதனால்தான் உடைந்த இடத்தில் புதுமண்ணை வைத்து மறுபடி சுடுவது என்கிற, எனக்கு முதலில் தோன்றிய வழி, இங்கே ஒரு குழந்தையிடம்கூடச் செல்லாது. வைத்த மண் சுருங்கும், ஏற்கெனவே வெந்தது சுருங்காது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி வாய் பிளக்கும். மறுசூட்டில் பழைய நிறமும் மாறும், பல்லாண்டு மெருகு முழுக்க எரிந்துபோகும். உருளையின் முனைகளைச் சேர்த்த இணைப்பு வழக்கமாகப் பிடி ஒட்டும் இடத்தில்தான் வரும். என் சில்லு பெயர்ந்திருந்ததும் அந்த இணைப்பின் வழியில்தான். ஷிஃபு உள்ளே விரலை விட்டுத் தடவி அதைத்தான் உறுதிசெய்தார்.

அவருக்கு அறுபது வயது இருக்கலாம். 'ஷிஃபு' என்பது கைத்தொழில்காரரை மரியாதையாக விளிக்கும் சொல், நம் ஊரில் ஆசாரி என்பதுபோல. கடை இருந்தது ஷூஷான் மலையடிவாரப் பழைய தெருவில். கால்வாயை ஒட்டி, கல் பாவிய குறுகிய தெரு. ஒரு காலத்தில் இங்கே செய்த கெண்டிகள் இந்தக் கால்வாயிலேயே படகேறின. மலைக்கு அந்தப் பெயர் வந்தது சோங் காலத்துக் கவிஞர் சூ ஷீயால் என்கிறார்கள். சூ தோங்போ என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும். தன் சொந்த ஊரான ஷூ நாட்டு மலைபோல இருக்கிறது என்று அவர் சொன்னதால் பழைய பெயர் மாறியதாம். அவர் பெயரில் ஒரு கல்விக்கூடம் இன்றும் ஊரில் நிற்கிறது.

கெண்டியைக் கவிழ்த்து அடியில் இருந்த முத்திரையைக் காட்டினேன். 'மெங்ச்சன்' என்று இரண்டு எழுத்து. ஹுய் மெங்ச்சன், 17-ஆம் நூற்றாண்டில் சின்னஞ்சிறு கெண்டிகளுக்குப் பேர்போன கைவினைஞர். ஷிஃபு தலையசைத்தார், ஆனால் கண்ணில் வியப்பு இல்லை. மெங்ச்சனுக்குப் பிறகு இருநூறு முந்நூறு ஆண்டுகள் சின்னச் சிவப்புக் கெண்டி என்றாலே அந்த முத்திரையைக் குத்தினார்கள். சாவ்ஜோ பக்கத்துத் தேநீர் முறையில் அது ஆளின் பெயராக இல்லாமல் பாத்திரத்தின் பெயராகவே ஆகிவிட்டது. அங்கிருந்தும் ஃபூஜியனிலிருந்தும் கப்பலேறியவர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் கொண்டுபோனவை இவைதான். 1822-இல் இந்தோனேசியக் கடலில் மூழ்கிய 'டெக் சிங்' கப்பலின் பீங்கான் சரக்கிலும் யிஷிங் கெண்டிகள் இருந்தன. என்னுடையது சிங் ஆட்சியின் கடைசிக் காலம் அல்லது அதற்குச் சற்றுப் பின் என்று ஷிஃபு கணித்தார். அது போதும் எனக்கு. பெரிய பெயர் இல்லை என்று தெரிந்ததும் மனதுக்கு இலகுவாகவே இருந்தது. அ-மா இந்தக் கெண்டியின் விலையை ஒருநாளும் பேசியதில்லை.

எதற்கு என்று அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வைக்க என்றால் வழி எளிது. அதே தெருவுக்கு வெளியே, பெரிய சாலையில், ஒருவர் அதைச் செய்துதர முன்வந்தார். பிசினில் அதே சிவப்பு மண்ணைப் பொடித்துக் கலந்து இடைவெளியை நிரப்பி, மூக்கு நுனியையும் அதிலேயே வளர்த்து, தேய்த்து, நிறம் தீட்டிவிடுவார். அவர் செய்துவைத்திருந்த ஒன்றைக் கையில் கொடுத்து, எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். என்னால் முடியவில்லை. கைத்திறனை மறுக்க முடியாது. ஆனால் சாதாரண பிசின்கள் கொதிநீரின் சூட்டில் இளகுபவை. அதில் ஊறிய தேநீரை யாரும் குடிக்கக் கூடாது. அருங்காட்சியகங்களில் பீங்கானை ஒட்டப் பயன்படும் பாரலாய்டு பி-72கூட 40 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஆனால் அங்கே அதை வைப்பதற்கு ஒரு நேர்மையான காரணம் உண்டு. அசிட்டோனில் கரைத்து எப்போது வேண்டுமானாலும் பிரித்துவிடலாம், ஒட்டியதை ஏட்டிலும் எழுதிவைப்பார்கள். சாலைக் கடையில் செய்வது அப்படி இல்லை. உடையாத கெண்டி என்று சொல்லி இன்னொருவருக்கு விற்கத்தான் அந்த வேலை. அந்தக் கெண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது என் கை கூசியது.

இரண்டாவது வழி லாக்கர் மரத்தின் பால். ஜப்பானியர் கின்சுகி என்று உலகறியச் செய்த முறை இது. மரப்பாலில் மாவு கலந்து ஒட்டி, கல்பொடி கலந்து நிரப்பி, பலமுறை தேய்த்து, கடைசியில் தங்கப் பொடி தூவுவார்கள். இந்தப் பால் காய்வதற்கு ஈரம் வேண்டும். காற்றில் முக்கால் பங்கு ஈரப்பதம் இருந்தால்தான் இறுகும், வறண்டால் பிசுபிசுத்தபடியே கிடக்கும். என் தலையணையை நனைத்த பிளம் மழை அதற்கு உகந்த பருவம். பச்சைப் பால் மேலில் பட்டால் தடித்து அரிக்கும். நம் சேங்கொட்டை இதே குடும்பம்தான், அதன் பாலும் அப்படித்தான் செய்யும். அழகான முறை, உணவுக்கும் தீங்கில்லை. ஆனால் முழுதாக முடிய வாரக்கணக்கில் ஆகும், எனக்கு இருந்ததோ ஆறு நாள். உண்மையைச் சொன்னால் காரணம் அது மட்டும் இல்லை. அ-மாவின் கெண்டியில் தங்கக் கோடு ஓடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் கையில் ஒரு ஜேட் வளையலைத் தவிர நகை பார்த்ததில்லை.

மூன்றாவது ஷிஃபுவின் வழி, தைத்தல். உடைந்த விளிம்பின் இரு பக்கமும் துளையிட்டு உலோகக் கவ்வாணியால் இழுத்துக் கட்டுவது. சீனத்தில் இது தெருத் தொழிலாக இருந்தது. நம் தெருக்களில் அம்மி கொத்துகிறவரும் ஈயம் பூசுகிறவரும் குரல் கொடுத்துக்கொண்டு வந்த மாதிரி, தோளில் காவடியும் அதில் துரப்பணமுமாக வந்து வாசலில் உட்கார்ந்து கிண்ணம் தைத்தார்கள். எத்தனை கவ்வாணி போட்டார்களோ அந்தக் கணக்குக்குக் கூலி. ஜாங் யிமூ 1999-இல் எடுத்த 'வீட்டுக்குப் போகும் பாதை' படத்தில் அப்படி ஒருவர் ஒரு கிண்ணத்தைத் தைக்கும் காட்சி வரும். படத்தில் எனக்கு வேறெதுவும் அவ்வளவு நினைவில்லை, அந்தத் துரப்பணம் சுழல்வதும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பார்வையற்ற தாயின் முகமும் நினைவிருக்கிறது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு சீனப் பச்சைக் கிண்ணம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் ஷோகன் அஷிகாகா யோஷிமசா, விரிசல் விட்ட அதைச் சீனத்துக்கு அனுப்பி இதேபோல இன்னொன்று கேட்டதாகவும், இப்படியொன்றை இனிச் செய்ய முடியாது என்று மிங் நாட்டவர் இரும்புக் கவ்வாணிகளால் தைத்துத் திருப்பி அனுப்பியதாகவும் வரலாறு சொல்கிறது. கவ்வாணிகள் வெட்டுக்கிளி உட்கார்ந்ததுபோல இருந்ததால் கிண்ணத்தின் பெயரே அதுவாயிற்று. தைக்காத கிண்ணமாக இருந்திருந்தால் அதற்குப் பெயர் இருந்திருக்காது.

"குடிக்க" என்றேன் மறுநாள்.

அவர் சிரித்தார். பிறகு என் பசையை எடுப்பதிலேயே அரை நாள் போனது. விளிம்புகளில் அசிட்டோன் தொட்ட பஞ்சை வைத்து வைத்து, மூங்கில் குச்சியால் உரித்தார். ஒவ்வொரு செதிளும் வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. மேனியை மட்டும் சோப்பாலோ வெளுக்கும் மருந்தாலோ தொடவே இல்லை. வெதுவெதுப்பான நீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். பழைய மெருகை இழந்தால் திரும்ப ஏற்ற ஒரு ஆயுள் வேண்டும் என்றார்.

சில்லை அதன் இடத்தில் பொருத்தி, பருத்திக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, கயிற்றுக்குள் குச்சி செருகி முறுக்கினார், பாரம் கட்டிய வண்டியில் கயிற்றை முறுக்குவார்களே, அப்படி. மையால் புள்ளிகள் வைத்தார். துரப்பணம் நம் தச்சர்கள் வைத்திருந்த அதே வில் துரப்பணம்தான், நுனியில் மட்டும் வைரப்பொட்டு. வைரத் துரப்பணம் இல்லாவிட்டால் பீங்கான் வேலையை ஒப்புக்கொள்ளாதே என்று சீனத்தில் பழமொழியே உண்டு. வில் முன்னும் பின்னும் போக, துளையில் ஒரு சொட்டு நீர் விட்டுக்கொண்டே இருந்தார். கெண்டியின் சுவர் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. துளை அதைக் கடந்துவிடக் கூடாது. ஆழத்தை அவர் எதை வைத்து அறிகிறார் என்று கேட்டேன். துளையிலிருந்து வரும் சேற்றின் நிறத்தையும் கைக்கு வரும் அதிர்வையும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல என் மூச்சு நின்று நின்று வந்தது.

கவ்வாணியைச் செம்புக் கம்பியிலிருந்து அப்போதே செய்தார். நடுவே தட்டி இலைபோல விரித்து, இரு முனையையும் கால்களாக வளைத்தார். கால்களுக்கு இடையே உள்ள தூரம் துளைகளுக்கு இடையே உள்ளதைவிட ஒரு நூலிழை குறைவு. சூட்சுமம் முழுக்க அதில்தான். சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கும்போது கவ்வாணி தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், அந்த இழுவையில் உடைந்த விளிம்புகள் ஒன்றையொன்று நெருக்கும். பசை எதுவும் இல்லை. கடைசியில் முட்டை வெள்ளையில் நுண்பொடி குழைத்துத் துளைகளிலும் கோட்டிலும் தேய்த்தார். பிரிந்த சில்லுக்கு ஐந்து, நான் காணாத மயிரிழை விரிசலுக்கு இரண்டு. மூக்கு நுனிக்கு வெள்ளியில் ஒரு சின்ன உறை. சயாமுக்குப் போன கெண்டிகளில் மூக்குக்கும் வாய்க்கும் இப்படி உலோக விளிம்பு கட்டும் வழக்கம் பரவலாக இருந்தது. உறையைப் பொருத்தியதும் மூடியை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடித் தட்டின்மேல் கெண்டியைக் கவிழ்த்தார். மூக்கின் நுனி, வாய், பிடியின் மேல் வளைவு மூன்றும் ஒரே மட்டத்தில் தட்டைத் தொட வேண்டும். வெள்ளியை இன்னும் கொஞ்சம் அரம் போட்டார். மறுபடி கவிழ்த்தார். மூன்றும் தொட்டன.

இடையில் ஒரு நாள் முட்டைப் பூச்சு காய வேண்டியிருந்தது. அன்று சியன்ஷூ சூளையைப் பார்க்கப் போனேன். மேட்டுச் சரிவில் 43 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் டிராகன் சூளை. மிங் காலத்தில் கட்டியது, இன்னும் எரிகிறது. முதுகின் இரு பக்கமும் வரிசையாகத் துளைகள், விறகைப் போடுவதற்கு. உள்ளே குனிந்து நடந்தேன். சுவர் கண்ணாடிபோல உருகிப் படிந்திருந்தது.

மாலையில் ஊர் அருங்காட்சியகம். அங்கே நின்றபோது, முன்பு படித்த ஒரு கெண்டியின் கதை புதிதாகப் புரிந்தது. யிஷிங் கெண்டிக் கலையின் மூதாதை என்று சொல்லப்படுபவர் கோங்ச்சுன். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜின்ஷா கோயிலில் படிக்க வந்த ஒரு அறிஞரின் வேலையாள். மரத்துக் கழலையின் வடிவில் அவர் செய்ததாகச் சொல்லப்படும் கெண்டி பெய்ஜிங்கில் சீன தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது அவர் செய்ததுதானா என்று ஐயப்படுகிறவர்கள் உண்டு. என்னைப் பிடித்தது அதன் மூடி. மூல மூடி தொலைந்துவிட்டது. சிங் காலக் கடைசியில் ஹுவாங் யூலின் அதைப் பூசணி என்று எண்ணிப் பூசணிக் காம்பு வைத்த மூடி செய்தார். பின்னர் கெண்டி யிஷிங்காரரான சூ நான்சியாங்கின் கைக்கு வந்தது. ஓவியர் ஹுவாங் பின்ஹோங் பார்த்துவிட்டு, இது பூசணி இல்லை, மரத்தின் கழலை என்றார். அதன்படி பெய் ஷிமின் வேறு மூடி செய்தார். இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்றால், அந்த மூடியிலேயே பொறித்திருக்கிறார்கள். செய்தவர் யார், தவறாகப் பூசணி என்று எண்ணியவர் யார், சரியாகக் கண்டவர் யார், மூடியை மறுபடி செய்தவர் யார், எல்லாம். பழுதுபார்த்தவர்கள் தங்கள் பிழையையும் சேர்த்து எழுதிவைத்த ஒரு பொருளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. சாலைக் கடையில் என் கை ஏன் கூசியது என்பதற்கு அங்கே எனக்கு விளக்கம் கிடைத்தது.

கடைசி நாள் காலை, கெண்டியில் வெந்நீர் நிரப்பி உலர்ந்த காகிதத்தின்மேல் வைத்தார். மூவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை கால்வாயில் விழும் ஒலி மட்டும். நான்காம் கவ்வாணிக்குக் கீழே வியர்த்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டு திரண்டு காகிதத்தில் இறங்கியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஷிஃபு விடுதிப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அவள் என்னிடம் திரும்பி, அரிசி வேகவைத்து வடித்த நீரில் கெண்டியைப் போட்டு மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்கிறார், அந்தப் பசை விரிசலில் போய் அடைத்துக்கொள்ளும், மிச்சத்தைத் தேநீர்க் கறை பார்த்துக்கொள்ளும் என்றாள். இதைப் புரியவைக்க எப்படி விளக்குவது என்று அவள் தடுமாறினாள். விளக்கத் தேவையில்லை என்றேன். புதுச் சட்டி வாங்கினால் எங்கள் வீட்டில் அம்மா முதலில் செய்வது அதுதான்.

விடுதிச் சமையலறையில் அவள் அரிசி களைந்து உலையில் போட்டாள். கஞ்சி வடித்து, ஆறவிட்டு, கெண்டியையும் மூடியையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி இறக்கினேன். அடுப்பைச் சிறுத்து வைத்துவிட்டு இருவரும் அதன் அருகிலேயே முக்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். சமையலறை முழுக்கச் சோற்று மணம். ஒரு மணி நேரத்துக்குப் பின் எடுத்துக் கழுவி, யிஷிங் சிவப்புத் தேயிலை போட்டு வெந்நீர் ஊற்றினாள். காகிதத்தை அடியில் விரித்தேன். முதல் ஊற்று, இரண்டாவது ஊற்று, மூன்றாவது. காகிதம் உலர்ந்தே இருந்தது. அவள் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.